கட்டியிடம் ஒரு கேள்வி, பரம்பரையிடம் ஒரு கேள்வி

2009-இல் வெளிவந்த ‘ஐபாஸ்’ ஆய்வில் ஆசிய நாடுகளைச் சேர்ந்த 1,217 நுரையீரல் புற்றுநோயாளிகள் இடம்பெற்றார்கள். புகைபிடிக்காதவர்கள், அல்லது எப்போதோ கொஞ்சம் பிடித்துவிட்டு நிறுத்தியவர்கள். எல்லோருக்கும் அடினோகார்சினோமா என்ற ஒரே வகை. பாதிப் பேருக்கு வழக்கமான கீமோ, மறுபாதிக்கு கெஃபிட்டினிப் மாத்திரை. மாத்திரை எடுத்துக்கொண்டவர்களில், கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணுத் திரிபு இருந்தவர்களைத் தனியே பார்த்தபோது 71.2 விழுக்காட்டினருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. திரிபு இல்லாதவர்களில் அப்படிச் சுருங்கியது 1.1 விழுக்காட்டினருக்குத்தான். திரிபு இல்லாமல் கீமோ பெற்றவர்களில் இது 23.5 விழுக்காடு. அதாவது, சோதிக்காமல் மாத்திரையைக் கொடுத்திருந்தால் ஒரு சாராருக்குக் கிடைத்திருக்கக்கூடிய பலனும் பறிபோயிருக்கும். நோயின் பெயரும் மருந்தும் ஒன்றாகவே இருந்தும், யாருக்கு எது என்று பிரித்துச் சொன்னது கட்டியிலிருந்து எடுத்த ஒரு மரபணுப் பரிசோதனை.

மார்பகப் புற்றுநோய்க்கும் சினைப்பைப் புற்றுநோய்க்கும் சிகிச்சை பெறுபவர்களுக்கு வேறொரு மரபணுப் பரிசோதனை எழுதப்படுகிறது: பிராக்கா-1, பிராக்கா-2. மருத்துவமனை வராந்தாவில் இரண்டையும் ‘ஜீன் டெஸ்ட்’ என்றே சொல்கிறார்கள். சில நேரம் இரண்டுக்கும் கையிலிருந்து ரத்தம்தான் எடுக்கிறார்கள். ரிப்போர்ட்டும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒன்று கட்டியைப் பற்றிய கேள்வி, மற்றொன்று பிறப்பிலேயே வந்ததைப் பற்றிய கேள்வி. இந்த வேறுபாட்டை நோயாளிக்கு யாரும் உட்கார்ந்து விளக்காததால் நடக்கும் கெடுதல்கள் சிறியவை அல்ல. நுரையீரல் புற்றுநோய் வந்த தகப்பன், தன் பிள்ளைகளுக்கும் இது வருமோ என்று தேவையில்லாமல் பயந்து கிடக்கிறார். சினைப்பைப் புற்றுநோய் வந்த அம்மாவின் ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடுகிறது. அதைப் பார்த்திருக்க வேண்டிய தங்கைக்கு விஷயமே தெரியாது.

இரண்டும் மருத்துவத்துக்குள் வந்த வரிசையே நேர் எதிரானது. கெஃபிட்டினிப்புக்கு 2002-இல் ஜப்பானும் 2003-இல் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தபோது, அது யாருக்கு வேலை செய்யும் என்பது யாருக்கும் தெரியாது. பத்தில் ஒருவர் படுக்கையிலிருந்து எழுந்து நடந்தார், மற்றவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. எழுந்தவர்களில் பெண்களும் புகைபிடிக்காதவர்களும் ஆசியர்களும் அதிகம் என்பது மட்டும் கண்ணில் பட்டது. 2004-இல் பாஸ்டனில் இரண்டு குழுக்களும் நியூயார்க்கில் ஒரு குழுவும், மருந்து கேட்ட கட்டிகளைப் பிரித்துப் படித்து, அவற்றில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணு திரிந்திருப்பதைக் கண்டார்கள். இடையில், பொதுவாக எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்த ஆய்வில் ஆயுள் கூடவில்லை என்பதால் 2005-இல் அமெரிக்கா அந்த மருந்தைப் புதிய நோயாளிகளுக்குத் தருவதைக் கட்டுப்படுத்தியது. 2015-இல் அதே மாத்திரை, குறிப்பிட்ட திரிபு உள்ளவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு திரும்பி வந்தது. மருந்து மாறவில்லை, யாருக்கு என்பதுதான் தெளிந்தது.

பிராக்காவில் மரபணு முதலில், மருந்து கடைசியில். 1990-இல் மேரி-கிளேர் கிங், மார்பகப் புற்றுநோய் தலைமுறை தலைமுறையாக வந்த குடும்பங்களை ஆராய்ந்து, அதற்குக் காரணமான மரபணு 17-ஆவது குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். புற்றுநோய் பரம்பரையாக வரலாம் என்பதையே பலர் ஏற்காத காலம் அது. 1994-இல் பிராக்கா-1 கண்டெடுக்கப்பட்டது, அடுத்த ஆண்டு பிராக்கா-2. அதன்பின் நீண்ட காலத்துக்கு அந்தப் பரிசோதனை சொன்னது ஆபத்தை மட்டுமே. அதற்கென்று ஒரு மருந்து இல்லை. 2005-இல்தான் ‘நேச்சர்’ இதழில் ஒரே நேரத்தில் வந்த இரு கட்டுரைகள், பிராக்கா பழுதான செல்களை பார்ப் என்ற நொதியைத் தடுத்துக் கொல்லலாம் என்று காட்டின. அந்த வழியில் வந்த ஒலாபரிப் 2014 டிசம்பரில் சினைப்பைப் புற்றுநோய்க்கும், 2018 ஜனவரியில் மார்பகப் புற்றுநோய்க்கும் அமெரிக்க அனுமதி பெற்றது. மரபணு கிடைத்து இருபது ஆண்டுகள் கழித்து மருந்து.

இந்த இடைவெளிக்குக் காரணம் இரண்டு திரிபுகளின் இயல்பிலேயே இருக்கிறது. இ.ஜி.எஃப்.ஆர். என்பது செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஒரு புரதம். வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டும்போது மட்டும், பெருகச் சொல்லும் உத்தரவை அது உள்ளே அனுப்ப வேண்டும். அதன் மரபணுவில் எக்ஸான் 19 என்ற பகுதியில் சில எழுத்துகள் அழிந்தாலோ, எக்ஸான் 21-இல் ஓர் எழுத்து மாறி, புரதத்தின் 858-ஆவது இடத்தில் லியூசினுக்குப் பதிலாக ஆர்ஜினின் வந்து உட்கார்ந்தாலோ, யாரும் சொல்லாமலே உத்தரவு போய்க்கொண்டே இருக்கும். இ.ஜி.எஃப்.ஆர். திரிபுகளில் ஏறத்தாழ 85 முதல் 90 விழுக்காடு இந்த இரண்டும்தான். இங்கே கோளாறு, ஒரு புரதம் மிகையாக வேலை செய்வது. மிகையானதை அடக்க ஒரு மூலக்கூறு போதும். மாத்திரை அந்தப் புரதத்தின் குழிவில் போய் அமர்ந்து அதை நிறுத்துகிறது.

பிராக்காவில் கோளாறு மிகையல்ல, இழப்பு. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் ஒருசேர அறுந்தால், பிழையில்லாமல் சேர்த்துவைக்கும் வேலையில் பிராக்கா புரதங்கள் ஈடுபடுகின்றன. பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான பிரதி வந்தாலும், மற்றவரிடமிருந்து வந்த நல்ல பிரதி வேலையைப் பார்த்துக்கொள்கிறது. எப்போதாவது மார்பகத்திலோ சினைப்பைக் குழாயிலோ ஒரு செல் அந்த நல்ல பிரதியையும் இழந்துவிட்டால், அங்கே பிழைகள் சேர ஆரம்பிக்கின்றன. இல்லாத புரதத்தை மாத்திரையால் உண்டாக்க முடியாது. அதனால்தான் வழி சுற்றிப் போக வேண்டியிருந்தது. ஆற்றுக்கு இரண்டு பாலம் இருக்கும் ஊரில் ஒன்று இடிந்தாலும் போக்குவரத்து நிற்காது. ஒரே பாலம் மிஞ்சிய ஊரில் அதையும் மூடினால் ஊரே முடங்கும். டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் இன்னொரு வழியில் வேலை செய்யும் பார்ப் நொதியைத் தடுத்தால் நடப்பது அதுதான்: உடலின் மற்ற செல்களில் பிராக்கா வழி இன்னும் திறந்திருக்கிறது, புற்றுநோய்ச் செல்லில் அது முன்பே போய்விட்டது. நோயை உண்டாக்கிய அதே குறையைப் பிடித்துக்கொண்டு நோயைத் தாக்குவது என்பது, கடந்த முப்பது ஆண்டுகளில் புற்றுநோய் மருத்துவம் கண்ட அழகான சிந்தனைகளில் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

இனி மாதிரிக்கு வருவோம். இ.ஜி.எஃப்.ஆர். பரிசோதனைக்கு வேண்டியது கட்டியின் திசு. நுரையீரலுக்குள் ஊசி செலுத்தி எடுக்கும் பயாப்சியில் கிடைப்பது நூல் போன்ற சில துணுக்குகள். அதை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, ‘பிளாக்’ என்ற சிறு கட்டியாக்குகிறார்கள். அதிலிருந்து நாலைந்து மைக்ரான் தடிமனில் சீவல் சீவலாக வெட்டித்தான் எல்லாச் சோதனைகளும் நடக்கின்றன. இது என்ன வகைப் புற்றுநோய் என்று முடிவு செய்ய உதவும் சாயங்களுக்கே பெரும்பகுதி செலவாகிவிட்டால், மரபணுவுக்கு மிஞ்சுவது குறைவு. ‘திசு போதவில்லை’ என்று ரிப்போர்ட் வருவதன் காரணம் பல நேரம் இதுதான். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஸ்கேன் படங்களை மட்டும் பையில் வைத்துக்கொண்டு, பிளாக்கை முதல் மருத்துவமனையிலேயே விட்டுவிட்டு வருபவர்கள் நிறையப் பேர். அந்த மெழுகுக் கட்டி நோயாளிக்குரியது, கேட்டால் கொடுப்பார்கள்.

திசு கிடைக்காதபோது ரத்தத்தில் பார்க்கலாம். கட்டியிலிருந்து உதிரும் டி.என்.ஏ. துணுக்குகள் ரத்தத்தில் மிதக்கின்றன. அவற்றைப் பிடித்துப் படிக்கும் ஒரு சோதனைக்கு 2016-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ‘லிக்விட் பயாப்சி’ என்பது இதுதான். அதில் திரிபு தெரிந்தால் நம்பலாம். தெரியவில்லை என்றால், கட்டி போதுமான அளவு உதிர்க்காமலும் இருக்கலாம். அதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டு நிறுத்திவிடக் கூடாது. பிராக்கா பரிசோதனையிலும் ரத்தம்தான், ஆனால் அங்கே படிப்பது வெள்ளணுக்களின் டி.என்.ஏ.வை. கருவானபோதே அமைந்து, உடலின் ஒவ்வொரு செல்லிலும் இருப்பது அது. எச்சிலிலும் பார்க்கலாம்.

ரிப்போர்ட்டில் ஒரு பத்தியைக் கண் வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு எண்ணிலேயே தெரியும். படிக்கப்பட்ட டி.என்.ஏ. துணுக்குகளில் எத்தனை விழுக்காட்டில் அந்தத் திரிபு இருந்தது என்று அதில் போட்டிருப்பார்கள். பிறப்பில் வந்த திரிபு இரண்டு பிரதிகளில் ஒன்றில் இருப்பதால் ஏறத்தாழ 50 என்று இருக்கும். கட்டியில் மட்டும் உண்டான திரிபு 8, 15, 30 என்று எப்படியும் இருக்கலாம். மாதிரியில் கட்டிச் செல்கள் எத்தனை, மற்றச் செல்கள் எத்தனை என்பதைப் பொறுத்தது. கட்டித் திசுவில் செய்த சோதனையில் பிராக்கா திரிபு தென்பட்டால், அது பரம்பரையாக வந்ததா, கட்டிக்குள் மட்டும் உண்டானதா என்று ரத்தப் பரிசோதனையால் உறுதிசெய்தே ஆக வேண்டும். மருந்து முடிவோடு நின்றுவிட்டு, இந்த இரண்டாவது சோதனையை எழுதாமல் விடும் பழக்கம் வருத்தத்துக்குரியது. அங்கே நின்றுபோவது ஒரு குடும்பத்துக்கே போக வேண்டிய செய்தி.

காலம் போகப்போக இவை நடந்துகொள்ளும் விதமும் வேறு. இ.ஜி.எஃப்.ஆர். மாத்திரை கேட்கும் கட்டி, ஓராண்டு அளவில் மறுபடியும் தலைதூக்குகிறது. முதல் தலைமுறை மாத்திரைகளுக்குப் பிறகு, பாதிப் பேருக்கு மேல் டி790எம் என்ற இரண்டாவது திரிபு உண்டாகியிருக்கிறது. அதையும் சேர்த்து அடக்க வந்த ஒசிமெர்ட்டினிப் 2015-இல் அனுமதி பெற்றது; முதலிலேயே அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் நோய் கட்டுக்குள் இருந்த காலம் நடுமதிப்பில் 18.9 மாதம், பழைய மாத்திரைகளில் 10.2. அதற்கும் பிறகு சி797எஸ் என்று ஒன்று வருகிறது. ஆகவே முதல் ரிப்போர்ட் இரண்டாண்டுக்குப் பின் பழைய ரிப்போர்ட். நோய் கிளம்பினால் கட்டியை மறுபடியும் கேட்க வேண்டும்.

பிராக்கா ரத்தப் பரிசோதனை வாழ்நாளில் ஒரு தரம் சரியாகச் செய்தால் போதும். இப்படிச் சொல்லிவிட்டு ஒரு விலக்கையும் சொல்ல வேண்டும். பிறப்பில் வந்தது மாறாது. கட்டிக்குள் இருக்கும் பிராக்கா மாறலாம். ஒலாபரிப்பையோ பிளாட்டினம் கீமோவையோ எதிர்த்து நிற்கும் சில கட்டிகளில், பழுதான பிரதியில் இன்னொரு திரிபு விழுந்து, மரபணுவைப் படிக்கும் வரிசை மறுபடி நேராகி, புரதம் வேலைக்குத் திரும்பியிருப்பதை 2008 முதல் கண்டறிந்து வருகிறார்கள். மறுபக்கமும் இதுபோல ஒரு விலக்கு உண்டு. டி790எம் மிக அரிதாகச் சில குடும்பங்களில் பிறப்பிலேயே வருகிறது. மாத்திரை தொடங்கும் முன்பே அது தென்பட்டால் மருத்துவர்கள் நிமிர்ந்து உட்காருவது அதனால்தான்.

இந்த விலக்குகளை ஒதுக்கினால், குடும்ப விஷயத்தில் இரண்டும் இரு துருவங்கள். நுரையீரல் கட்டியின் இ.ஜி.எஃப்.ஆர். திரிபு அந்தக் கட்டியோடு பிறந்து அதோடு முடிகிறது, பிள்ளைகளுக்குப் போவதில்லை. பிராக்கா திரிபு உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனோ மகளோ, அது வர 50 விழுக்காடு வாய்ப்பு. 2017-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றின்படி, பிராக்கா-1 திரிபுள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 72 விழுக்காடு, சினைப்பைப் புற்றுநோய்க்கு 44. பிராக்கா-2-இல் அவை 69-உம் 17-உம். ஆண்களும் இதைச் சுமக்கிறார்கள். பிராக்கா-2 உள்ள ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் கூடுதலாக வருகிறது, மார்பகப் புற்றுநோயும் வரலாம். இருந்தும், குடும்ப வரலாறு கேட்கும்போது அம்மா வழி மட்டும் பேசப்படுகிறது. அப்பாவின் அக்காவுக்கு என்ன நோய் வந்தது என்று கேட்பதில்லை. திரிபு அந்த வழியாகவும் அதே அளவு வருகிறது.

தமிழ்க் குடும்பங்களில் இதில் ஒரு தனி முடிச்சும் இருக்கிறது. அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கம் உள்ள வீட்டில் கணவனும் மனைவியும் ஒரே பிராக்கா-2 திரிபைச் சுமந்தால், பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பழுதாகி ஃபான்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் ஆராய்ச்சியாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே தென்னிந்தியக் குடும்பங்களில் பிராக்கா திரிபுகளைத் தேடிப் பதிவு செய்தார்கள். ஆனால் வீடுகளில் இன்னும் கேட்பது ‘பொண்ணுக்குக் கல்யாணம் ஆகணும், வெளியே மூச்சு விடாதீங்க’ என்ற குரல்தான். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் அந்த மௌனத்தின் விலையைக் கட்டுவது அதே பெண். திரிபு இருக்கிறது என்று தெரிந்தால் 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. எடுத்து மார்பகத்தைக் கண்காணிக்கலாம். பிள்ளை பெற்று முடித்தபின் 35-40 வயதுக்குள் (பிராக்கா-2 என்றால் சற்றுத் தள்ளி) சினைப்பைகளையும் குழாய்களையும் அகற்றி, அந்தப் புற்றுநோயின் ஆபத்தைப் பெருமளவு குறைக்கலாம். தெரியாவிட்டால் இதில் எதுவும் இல்லை. ஒருவரிடம் எந்தத் திரிபு என்று தெரிந்துவிட்டால், உறவினர்களுக்கு அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். முழு மரபணுவையும் படிக்க வேண்டியதில்லை, செலவும் குறைவு.

‘இல்லை’ என்ற முடிவுக்கும் இரண்டிலும் ஒரே பொருள் கிடையாது. இ.ஜி.எஃப்.ஆர். திரிபு இல்லை என்றால் ஏ.எல்.கே., ஆர்.ஓ.எஸ்.-1, கே-ராஸ் என்று பார்க்க வேண்டிய மரபணுக்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு மாத்திரை உண்டு. பிராக்காவில், குடும்பத்தில் ஏற்கெனவே கண்டறிந்த திரிபு உங்களிடம் இல்லை என்றால் அது உண்மையான நிம்மதி. குடும்பத்தில் யாருக்கும் சோதிக்காமல், நோய் வராத ஒருவருக்கு மட்டும் பார்த்து ‘இல்லை’ என்று வந்தால் அதில் நிம்மதிப்பட ஒன்றுமில்லை. முதலில் சோதிக்க வேண்டியது நோய் வந்தவரை. ‘பொருள் உறுதியாகாத திரிபு’ என்றும் ஒரு முடிவு வரும். அதை வைத்துக்கொண்டு அறுவைக்குப் போகக் கூடாது. ஆண்டுகள் போகப்போக அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே வகைமாறுகின்றன.

சிகிச்சையைத் தொடங்கும் நேரம் நுரையீரலில்தான் மிகக் கூர்மையாக உறுத்துகிறது. பல மரபணுக்களை ஒருசேரப் படிக்கும் சோதனைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம், நோயாளிக்கோ மூச்சு வாங்குகிறது. பொறுக்காமல் இம்யூனோதெரபியைத் தொடங்கிவிட்டு, பின்னால் இ.ஜி.எஃப்.ஆர். திரிபு இருப்பது தெரிந்து ஒசிமெர்ட்டினிப்புக்கு மாறினால், நுரையீரல் அழற்சி கடுமையாக வரும் ஆபத்து கூடுகிறது. காத்திருக்கவே முடியாதென்றால் ஒரு சுற்று கீமோவோடு தொடங்கி, ரிப்போர்ட் வந்தபின் முடிவு செய்வது பாதுகாப்பான வழி. பணம் இல்லாதவருக்கு வழியே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 350 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், கெஃபிட்டினிப்போடு கீமோவைச் சேர்த்தபோது நோய் கட்டுக்குள் இருந்த காலம் 8 மாதத்திலிருந்து 16 மாதமாக உயர்ந்தது. பக்கவிளைவு கூடும், ஆனால் இரண்டும் நம் நாட்டில் மலிவாகக் கிடைக்கும் மருந்துகள். ஒசிமெர்ட்டினிப்புக்கு 2024 ஜூலை பட்ஜெட்டில் சுங்கவரி நீக்கப்பட்டது. அப்படியும் சாதாரணக் குடும்பத்துக்கு அது எட்டாத விலைதான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தப் பரிசோதனை எழுதப்பட்டிருந்தால், மருத்துவரிடம் ஒரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: ‘இது கட்டிக்கானதா, பரம்பரைக்கானதா?’ கட்டிக்கானது என்றால் பிளாக்கைக் கையில் வாங்கி வையுங்கள். நோய் மறுபடி கிளம்பினால் மறுபடியும் சோதிக்கச் சொல்லுங்கள். பரம்பரைக்கானது என்று வந்து, அதில் திரிபு உறுதியானால், சோதனைக்கூடத்தின் அந்த ரிப்போர்ட்டை நகலெடுத்து, அக்கா, தங்கை, அண்ணன், தம்பி, அத்தை, சித்தப்பா என ரத்த உறவுகள் எல்லோருக்கும் இந்த வாரமே அனுப்பிவையுங்கள்.